தொண்டைப் புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்களில் என்ன நடக்கிறது?

ஒருவருக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று உறுதியாகி, "கட்டியில் மரபணு மாற்றங்கள் இருக்கின்றன" என்று மருத்துவர் சொன்னால், "அப்படியானால் பிள்ளைகளுக்கும் வருமா?" என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி. மரபணு என்றாலே பரம்பரை என்று நினைத்துப் பழகிவிட்டதால் எழும் அச்சம் இது. இன்னொரு பக்கம், மரபணுச் சோதனை செய்துவிட்டால் அதற்கேற்ற மாத்திரையைக் கொடுத்துக் குணப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. புகைப்பழக்கமே இல்லாதவருக்கு இந்நோய் வந்தால் தலைவிதி என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்று எண்ணங்களும் நோயாளியின் முடிவுகளைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கட்டிக்குள் உண்மையில் நடப்பதை அடிப்படையிலிருந்து விளக்குவது அவசியம் என்று கருதுகிறேன். இம்மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. தொண்டையின் ஒரு சில செல்களில் வாழ்நாளின் போக்கில் சேர்ந்தவை. கட்டி உருவாகும் வழிகள் இரண்டு: ஒன்று புகையிலை, மற்றொன்று ஒரு வைரஸ். எந்த வழியில் கட்டி உருவானது என்பதே பல நோயாளிகளுக்கு மிக முக்கியமான செய்தி.

## எதைத் தொண்டை என்கிறோம்

பேச்சுவழக்கில் கழுத்துக்குள் இருப்பதெல்லாம் தொண்டைதான். மருத்துவத்தில் இரண்டு பகுதிகளைப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று, குரல் நாண்கள் அமைந்துள்ள குரல்வளை. மற்றொன்று, மூக்கின் பின்புறம் தொடங்கி, வாயின் பின்புறம் வழியாக, உணவுக்குழாயின் வாய்வரை செல்லும் தொண்டைக்குழி. டான்சில்களும் நாக்கின் அடிப்பகுதியும் வாயின் பின்புறப் பகுதியைச் சேர்ந்தவை. பின்னால் வரப்போகும் விளக்கத்துக்கு இந்த இடம் முக்கியமானது.

இப்பகுதிகளின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலம் செதிள் செல்கள் எனப்படும் தட்டையான செல்களால் ஆனது. தொண்டைப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இச்செல்களில்தான் தொடங்குகின்றன. தைராய்டு சுரப்பி கழுத்தில் இருந்தாலும் அதில் வரும் புற்றுநோய் முற்றிலும் வேறு நோய். மூக்கின் பின்புறத்தில் தோன்றும் கட்டிகளுக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புடைய தனிக் கதை உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

## பார்த்துப் பார்த்துப் படியெடுக்கும் நூல்

அச்சு வராத காலத்தில் ஒரு நூலைப் பார்த்து இன்னொரு பிரதி, அதைப் பார்த்து மற்றொன்று என்று கையால் எழுதி வந்ததை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதியில் ஓர் எழுத்து மாறிவிட்டால், அந்தப் பிரதியைப் பார்த்து எழுதப்படும் எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பிழை தொடரும். வேறு பிரதியிலிருந்து கிளைத்த பிரதிகளில் அது இருக்காது.

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஒரு நூல் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு தொகுப்பு, தந்தையிடமிருந்து ஒரு தொகுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிக்கு மரபணு என்று பெயர். அவ்வகை மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. இந்த நீண்ட நூல் 46 கட்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அக்கட்டுகளே குரோமோசோம்கள்.

செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் நூல் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. தொண்டையின் உட்படலத்தில் மேலடுக்குச் செல்கள் தொடர்ந்து உதிர்வதால், அடியடுக்குச் செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. எழுத்துகளைச் சரிபார்த்துத் திருத்தும் புரதங்கள் செல்லுக்குள் உண்டு. அவற்றின் வேலை வியக்கத்தக்க அளவு துல்லியமானது. இருந்தும் சில பிழைகள் தப்பித்துவிடுகின்றன. அப்படித் தங்கிவிடும் எழுத்து மாற்றத்தையே மரபணுப் பிறழ்வு என்கிறோம். ஓர் எழுத்து மாறுவதும், ஒரு பகுதியே தொலைந்துபோவதும், ஒரே பகுதி பல தடவை எழுதப்படுவதும் இதில் அடங்கும்.

பெரும்பாலான பிறழ்வுகளால் எந்தக் கெடுதலும் இல்லை. கையெழுத்துப் பிரதிக்கும் செல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. நூலில் உள்ள எழுத்துப் பிழை, அந்தப் பிரதி வேகமாகப் பெருக உதவுவதில்லை. செல்லிலோ, பிரியும் வேகத்தைக் கூட்டும் பிழை ஒன்று நேர்ந்துவிட்டால், பிழையுள்ள செல்லே மற்றவற்றைவிட அதிகப் பிரதிகளை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்றில் அடுத்த பிழை, அதன் வழித்தோன்றலில் இன்னொன்று என்று பல ஆண்டுகள் சேர்ந்த பிறகே கட்டி உருவாகிறது. புற்றுநோய் என்பது செல்களுக்கிடையே நடக்கும் பரிணாமம் என்ற இந்தக் கருத்தை 1976-இல் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவல் தெளிவாக முன்வைத்தார்.

## பிறப்பில் வந்ததும் வாழ்நாளில் சேர்ந்ததும்

கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருந்த பிறழ்வு, பிறக்கும் குழந்தையின் எல்லாச் செல்களிலும் இருக்கும். அதுதான் பரம்பரைப் பிறழ்வு. ஐம்பது வயதில் டான்சிலின் ஒரு செல்லில் நேரும் பிறழ்வு அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் மட்டுமே இருக்கும். அது விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ போய்ச் சேர வழியே இல்லை. ஆகவே பிள்ளைகளுக்குச் செல்வதும் இல்லை. கட்டியின் டி.என்.ஏ.வையும் அதே நோயாளியின் இரத்தத்தில் உள்ள டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு துலங்கிவிடும். கட்டியில் காணப்பட்டு, இரத்தத்தில் காணப்படாதவை வாழ்நாளில் சேர்ந்தவை.

விதிவிலக்குகள் உண்டு. டி.என்.ஏ.வில் ஏற்படும் ஒருவகைச் சேதத்தைப் பழுதுபார்க்க முடியாத ஃபான்கோனி இரத்தசோகை என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு, இளம் வயதிலேயே வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் ஒரே குடும்பத்தில் இருவருக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்திருந்தால், பொதுவான மரபணுவைத் தேடுவதற்கு முன்னால் பொதுவான புகையிலைப் பழக்கத்தைத் தேடுவதே பெரும்பாலும் விடையைத் தரும்.

## புகையிலை பிழை எழுதும் விதம்

புகை செல்களை "எரிச்சலூட்டி" புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையான செயல்முறை அதைவிடத் துல்லியமானது. புகையிலைப் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் 60-க்கும் மேல் உள்ளன. அவற்றில் ஒன்றான பென்சோபைரீனை எடுத்துக்கொள்வோம். அது உள்ளே வந்ததும், அதை நீரில் கரையும் பொருளாக்கி வெளியேற்றுவதற்காக உடலின் நொதிகள் அதை மாற்றியமைக்கின்றன. இந்த முயற்சியின் நடுவே உருவாகும் ஓர் இடைப்பொருள் மிகத் தீவிரமாக வினைபுரியக்கூடியது, அது டி.என்.ஏ.வில் உள்ள ஜி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. செல் அடுத்த முறை பிரியும்போது, உருக்குலைந்த அந்த ஜி தவறாகப் படிக்கப்பட்டு, அதன் இடத்தில் டி எழுதப்பட்டுவிடுகிறது. புகைப்பவர்களின் கட்டிகளில் ஜி இருக்க வேண்டிய இடங்களில் டி மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். எந்த வகை எழுத்து மாற்றம் மிகுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே புகையிலையின் தடத்தை ஆய்வாளர்களால் இன்று அடையாளம் காண முடிகிறது.

மதுவின் வழி வேறு. உடலில் மது சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. புகையும் மதுவும் சேர்ந்தால், தொண்டைப் புற்றுநோய்க்கான ஆபத்து கூட்டல் கணக்கில் அல்லாமல் ஏறத்தாழப் பெருக்கல் கணக்கில் உயர்கிறது. "கொஞ்சம்தான்" என்று இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

## தொலைந்துபோகும் மரபணுக்கள்

எந்த மரபணுவில் பிழை நேர்கிறது என்பதே அடுத்த கேள்வி. புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்கள் இரண்டு வகை. செல்லைப் பிரியச் சொல்பவை ஒரு வகை. அளவுக்கு மீறிச் செயல்படும்படி மாறும்போது அவற்றைப் புற்றுத்தூண்டு மரபணுக்கள் என்பர். செல் பிரிவதைத் தடுப்பவை மற்றொரு வகை. அவை கட்டி ஒடுக்கும் மரபணுக்கள். தூண்டும் மரபணு ஒரு பிரதியில் கெட்டாலே போதும். ஒடுக்கும் மரபணுவுக்குத் தாய்வழிப் பிரதி, தந்தைவழிப் பிரதி என்று இரண்டு இருப்பதால், பொதுவாக இரண்டும் செயலிழக்க வேண்டும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃப்ரட் நட்சன் 1971-இல் முன்வைத்த கருத்து இது.

புகையிலையால் வரும் தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் ஒடுக்கும் மரபணுக்களை இழப்பதால் வரும் நோய். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் மருந்துகளைப் பற்றிச் சொல்வது எளிதில் விளங்கும்.

இழக்கப்படுபவற்றில் முதன்மையானது டிபி53 என்ற மரபணு. அது உருவாக்கும் பி53 என்ற புரதம், டி.என்.ஏ. சேதமடைந்திருந்தால் செல் பிரிவதை நிறுத்தி வைக்கிறது. சேதம் சரிசெய்ய முடியாததாக இருந்தால் செல்லைத் தானே மடியச் செய்கிறது. 393 அமினோ அமிலங்கள் கோத்து உருவாகும் இப்புரதத்தின் 175-ஆவது இடத்துக்கு உரிய எழுத்துகள் சி-ஜி-சி. அங்கே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். நடுவிலுள்ள ஜி மட்டும் ஏ ஆக மாறிவிட்டால், சி-ஏ-சி என்றாகி, ஹிஸ்டிடின் என்ற வேறோர் அமினோ அமிலம் அங்கே வந்து அமர்கிறது. துத்தநாக அணு ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்தப் பகுதியின் மடிப்பு குலைந்து, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் திறனைப் புரதம் இழக்கிறது. பலவகைப் புற்றுநோய்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் மாற்றம் இது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று மாறியதன் விளைவு!

அடுத்தது, ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ. இது உருவாக்கும் பி16 என்ற புரதம், செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதிகளைத் தடுத்து நிறுத்துகிறது. புகையிலையோடு தொடர்புடைய கட்டிகளில் இந்த மரபணு இருக்கும் பகுதியே பல நேரங்களில் தொலைந்துபோயிருக்கும். கட்டியாக மாறுவதற்கு முந்தைய வெண்படலங்களிலேயே இவ்விழப்பைக் காண முடியும்.

அமெரிக்க அரசின் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் தலை, கழுத்துப் பகுதிகளைச் சேர்ந்த 279 கட்டிகளை முழுமையாக ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. வாய், தொண்டைக்குழி, குரல்வளை ஆகிய மூன்று இடங்களின் கட்டிகளும் அவற்றில் இருந்தன. வைரஸ் தொடர்பில்லாத கட்டிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் டிபி53 மாறியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் சிடிகேஎன்2ஏ செயலிழந்திருந்தது. நாட்ச்1 என்ற மரபணுவும் குறிப்பிடத்தக்கது. சில இரத்தப் புற்றுநோய்களில் அது மிகையாகச் செயல்பட்டு நோயைத் தூண்டுகிறது. தொண்டையின் செதிள் செல்களிலோ அதை இழப்பதுதான் கெடுதல். ஒரே மரபணு இடத்துக்கு இடம் எதிர்மாறாக நடந்துகொள்வதால், ஒரு புற்றுநோய்க்குச் சொல்லப்படும் மரபணு விளக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. தூண்டும் வகையில் பிஐகே3சிஏ என்ற மரபணு சில கட்டிகளில் மாறியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். தொண்டையின் செதிள் செல்களில் பல ஆண்டுகளாகப் பிறழ்வுகள் சேர்கின்றன. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. புகையும் மதுவும் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. செல் பிரிவதைத் தடுக்கும் மரபணுக்கள், குறிப்பாக டிபி53-உம் சிடிகேஎன்2ஏ-உம், செயலிழக்கும்போது கட்டி உருவாக இடம் ஏற்படுகிறது.

## வைரஸ் வழி

இனி இரண்டாவது வழி. மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்டது. அவற்றில் 16-ஆவது வகை கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். இத்தொடர்பை நிறுவிய ஹரால்டு சுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வாயின் பின்புறத்தில், அதாவது டான்சில்களிலும் நாக்கின் அடியிலும், வைரஸால் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் அதே 16-ஆவது வகைதான் காரணம். டான்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிவுகள் உள்ளன. அவற்றின் உட்படலம் இடைவெளிகள் நிறைந்தது. வைரஸ் அடியடுக்குச் செல்களை எட்டுவதற்கு அது வசதியாக அமைந்துவிடுகிறது.

எச்.பி.வி. தொற்று மிகச் சாதாரணமானது. உடலின் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் அதைத் தானாகவே அகற்றிவிடும். சிலரிடம் மட்டும் அது பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. அப்போது வைரஸின் இரண்டு புரதங்கள் வேலையைக் காட்டுகின்றன. ஈ6 என்ற புரதம் பி53-ஐப் பற்றிக்கொண்டு, கழிவுப் புரதங்களைச் சிதைக்கும் செல்லின் சொந்த அமைப்பிடமே அதை ஒப்படைத்துவிடுகிறது. ஈ7 என்ற புரதம் ஆர்பி என்ற மற்றோர் ஒடுக்கும் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. விழித்திரைப் புற்றுநோய்க் குழந்தைகள் இழந்திருந்தது இந்த ஆர்பியைத்தான்.

விளைவு என்ன? டிபி53 மரபணுவின் எழுத்துகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அது உருவாக்கும் புரதம் உருவான வேகத்திலேயே அழிக்கப்படுகிறது. மேலே சொன்ன 2015-ஆம் ஆண்டு ஆய்வில், வைரஸ் உள்ள கட்டிகளில் டிபி53 பிறழ்வு மிக அரிதாகவே காணப்பட்டது. புகைக்காதவருக்கும் தொண்டைப் புற்றுநோய் வருவதற்கான காரணங்களில் முதன்மையானது இதுதான். இதில் விதி எதுவும் இல்லை. காரணம் தெரிந்த நோய் இது. 16-ஆவது வகைக்கு எதிரான தடுப்பூசியும் இருக்கிறது.

## பி16: ஒன்றில் இல்லை, மற்றொன்றில் மிகுதி

நோயாளிகளை அதிகம் குழப்பும் இடம் இது என்பதால் சற்று நின்று பார்ப்போம். புகையிலைவழிக் கட்டியில் பி16 புரதம் தொலைந்துபோகிறது என்று பார்த்தோம். ஆனால் டான்சில் கட்டியுள்ள ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் "பி16 நேர்மறை" என்று வரலாம். தடுக்கும் புரதம் நிறைய இருந்தும் புற்றுநோய் ஏன் வந்தது?

பி16 நேரடியாகச் செல் பிரிவை நிறுத்துவதில்லை. அது ஆர்பி புரதத்தைச் செயல்படும் நிலையில் வைத்திருக்கிறது. செல் பிரிவைத் தடுத்து நிறுத்துவது ஆர்பிதான். ஆர்பி செயல்படும்வரை, பி16 உற்பத்தியும் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். வைரஸின் ஈ7 வந்து ஆர்பியை வீழ்த்திவிட்டால், அந்தக் கட்டுப்பாடு நீங்கி பி16 ஏராளமாக உற்பத்தியாகிறது. ஆனால் அது செயல்பட வேண்டிய ஆர்பி அங்கே இல்லையே. எனவே மிகுதியாக இருக்கும் பி16 பயனற்றது. வைரஸ் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே.

திசுச் சோதனையில் எடுத்த துண்டை மெல்லிய சீவலாக்கி, பி16-ஐக் கண்டால் பழுப்பு நிறம் காட்டும் சாயத்தை இடுவார்கள். நுண்ணோக்கியில், புற்றுச் செல்களில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் செல்லின் உட்கருவும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் அழுத்தமான பழுப்பாகத் தெரிந்தால், அது நேர்மறை. வாயின் பின்புறக் கட்டிகளில் இச்சோதனை வைரஸை நம்பகமாகக் காட்டுகிறது. குரல்வளைக் கட்டியில் பி16 நேர்மறை என்று வந்தால் அதே பொருளைக் கொள்ள முடியாது; அங்கே வைரஸின் பங்கு மிகக் குறைவு.

சுருக்கமாக: ஒரு வழியில் ஒடுக்கும் மரபணுக்களின் எழுத்துகளே சிதைகின்றன. மற்றொரு வழியில் எழுத்துகள் அப்படியே இருக்க, அவற்றின் புரதங்களை வைரஸ் முடக்குகிறது. நுண்ணோக்கியில் இரண்டும் செதிள் செல் புற்றுநோயாகவே தெரிந்தாலும், அவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

## ஒரு கட்டி, பல கிளைகள்

கட்டியின் எல்லாச் செல்களிலும் ஒரே பிறழ்வுகள் இருப்பதில்லை. தொடக்கத்தில் நேர்ந்தவை எல்லாச் செல்களிலும் இருக்கும். பின்னால் நேர்ந்தவை சில கிளைகளில் மட்டும் இருக்கும். ஆகவே ஓர் இடத்தில் எடுத்த சிறு துண்டு முழுக் கட்டியின் நிலையையும் சொல்லிவிடாது.

கட்டிக்கு வெளியேயும் கவனிக்க வேண்டியது உண்டு. 1953-இல் டேன்லி ஸ்லாட்டரும் அவரது குழுவினரும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, கட்டியைச் சுற்றி இயல்பாகத் தோன்றும் படலத்திலும் மாற்றங்கள் இருப்பதைக் காட்டினார்கள். புகையும் மதுவும் ஒரு புள்ளியை மட்டும் தாக்குவதில்லை; படலம் முழுவதும் அவற்றில் நனைகிறது. கட்டியை முற்றாக அகற்றிய பிறகும் அருகில் புதிய கட்டி தோன்றக்கூடும் என்பதற்கும், சிகிச்சைக்குப் பிறகும் புகையை விட்டே ஆகவேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

## சிகிச்சையில் இதன் பொருள்

மிகையாகச் செயல்படும் புரதத்தை மருந்தால் தடுக்கலாம். இல்லாத புரதத்தைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை. அதை மீட்டுத் தருவதோ மிகக் கடினம். தொண்டைப் புற்றுநோயில் முக்கியமாக நேர்வது இழப்பு என்பதால்தான், நுரையீரல் புற்றுநோயின் சில வகைகளுக்கு இருப்பதுபோல் மரபணுவைப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள் இதற்கு ஏறத்தாழ இல்லை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் இக்கட்டிகளில் மிகுந்திருப்பதால், அதைத் தடுக்கும் செடக்சிமாப் 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பயன் கிடைப்பது ஒரு பகுதியினருக்கே. 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் கட்டியின் மரபணுவைக் குறிவைப்பவை அல்ல. நோயெதிர்ப்புச் செல்கள் கட்டியை எதிர்ப்பதற்கு இருக்கும் தடையை நீக்குபவை. அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் ஆகியவையே இன்றும் அடித்தளம். அதனால், விலையுயர்ந்த மரபணுச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்து, முதல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலான நோயாளிகளுக்கு நன்மை தராது.

பி16 சோதனையின் நிலை வேறு. வாயின் பின்புறக் கட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் அது தேவை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்வீச்சும் மருந்தும் பெற்றவர்களில் வைரஸ்வழிக் கட்டி உள்ளவர்கள் 82 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள்; வைரஸ் இல்லாதவர்களில் 57 விழுக்காட்டினரே இருந்தார்கள். இதன் காரணமாகவே, புற்றுநோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் முறையிலும் இவ்விரண்டையும் பின்னர் தனித்தனியே பிரித்தார்கள்.

நன்றாகக் குணமாகும் நோய்க்குக் கடுமையான சிகிச்சை எதற்கு என்று இங்கே தோன்றுவது இயல்பு. வறண்ட வாய், விழுங்குவதில் சிரமம், செவித்திறன் குறைவு ஆகியவற்றோடு எஞ்சிய ஆண்டுகளைக் கழிப்பவர்களைப் பார்த்தால் அக்கேள்வியின் நியாயம் புரியும். அதைச் சோதிக்க நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018-இல் வந்தன. வைரஸ்வழிக் கட்டி உள்ளவர்களுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகச் செடக்சிமாப் கொடுத்துப் பார்த்ததில், பக்கவிளைவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. நோய் திரும்புவதும் இறப்பும் கூடின. சிகிச்சையைக் குறைக்கும் வேறு வழிகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடி வருகிறார்கள். அம்முயற்சிகளில் சேர விரும்பும் நோயாளி, முறையாகக் கண்காணிக்கப்படும் மருத்துவ ஆய்வில் சேர்வது பற்றித் தம் மருத்துவரிடம் கேட்கலாம். "பி16 நேர்மறை" என்ற ஒரு வரியை நம்பி, ஆய்வுக்கு வெளியே சிகிச்சையைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானதல்ல.